எண்ணூற்று ஐம்பது மில்லிவோல்ட்

கட்டபெட்டில் ஆடி மாதம்.
ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து
கீபோர்டில் உட்காருகிறது.
நான் ஷார்ஜாவுக்கு வெயில் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் கட்டாத வில்லா.
நீச்சல்குளத்தில் விழுந்த கதிர்
எந்தச் சுவரில் தெறித்து
எந்தக் கூரையில் நெளியும் என்று
ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நாலு நிமிடம்
கணக்குப் போடுகிறது கிராஃபிக்ஸ் கார்டு.
எண்பத்து மூன்று டிகிரி.
கியர் மாற்றத் தெரியாதவன்
கொண்டை ஊசி வளைவில்
கேரட் லாரியை உறுமவிட்டு ஏற்றுவதுபோல
மூன்று விசிறிகளும்,
பகலிலும், ராத்திரியிலும்.

எனக்கும் ஜெபசீலிக்கும் நடுவில்
இடுப்புவரை சுவர்; அதற்கு மேல் பலகை.
கோத்தகிரி ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து
பகலில் தூங்குகிறவள்.
“உங்க லாரி எப்பதான் ஊட்டி போய்ச் சேரும்?”
என்று ஒருநாள் கேட்டாள்,
கோபமில்லாமல்.

வீட்டுக்காரர் போஜராஜ்
மீட்டரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.
அறுநூற்று நாற்பது யூனிட்.
கீழே ஒரு வரி:
தம்பி, உள்ள டீ ஃபேக்டரி ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?

அன்றைக்கு உட்கார்ந்தேன்.
ஆயிரத்து ஐம்பதில் இருந்த வோல்டேஜை
இருபத்தைந்து இருபத்தைந்தாக இறக்கினேன்,
தூங்கும் குழந்தையின் தலைக்கடியிலிருந்து
கையை உருவுவதுபோல.
தொள்ளாயிரம். ஒன்றும் ஆகவில்லை.
எண்ணூற்று எழுபத்தைந்து. ஒன்றும் ஆகவில்லை.
எண்ணூறில்
குளம், வில்லா, வெயில் எல்லாம் அணைந்து
கறுத்த திரையில் என் முகம் மட்டும்,
சவரம் செய்யாமல்.

இரண்டு படி மேலே வந்தேன். நின்றது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் ஓடிய கடிகாரத்தையும்
ஆயிரத்து அறுநூறில் கட்டிப்போட்டேன்.
இருநூற்று இருபது வாட், நூற்று முப்பது ஆனது.
அறுபத்திரண்டு டிகிரி.
ஒரு ஃப்ரேமுக்கு
நாலு நிமிடம் இருபத்தெட்டு நொடி.

இருபத்தெட்டு நொடி!
இதை மிச்சம் பிடிக்கவா
இத்தனை மாதம் இந்தக் கொதிப்பு?
ஷார்ஜாக்காரர் மெயில் திறப்பதே
வாரத்துக்கு ஒருமுறை.

விசிறி அடங்கிய பிறகுதான்
சில்வர் ஓக் இலைகளிலிருந்து
தகரத்தில் சொட்டுவது கேட்டது.
கீழே தேயிலைக்குள்
காட்டெருமை ஒன்று நின்று
நிதானமாக மூச்சு விடுவதும்.
அதுவும் என்னைக் கேட்டிருக்க வேண்டும்,
இத்தனை நாள்.

மூன்றாம் நாள் கதவு தட்டல்.
ஜெபசீலி. கையில் ஈர யூனிஃபார்ம்.
“என் பக்கத்துப் பலகை ஏன் சில்லுன்னு இருக்கு?
மெஷின் ரிப்பேரா?”
பலகையில் ஓர் ஆணி,
ஆணியில் ஒரு ஹேங்கர்.
ஒரு மாதமாக நனைந்து திரும்பும் அவள் வெள்ளை,
என் கேபினட்டின் முதுகுக் காற்றில்
காய்ந்திருக்கிறது.
சத்தத்தைப் பற்றிக் கேட்டவள்
இதைச் சொல்லவே இல்லை.
ஷார்ஜாவுக்குப் போக வேண்டிய வெயிலில் கொஞ்சம்
பலகை இடுக்கு வழியாக
அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது இரண்டு செட்டிங் சேமித்திருக்கிறேன்.
ஒன்றுக்கு ‘கம்மி’ என்று பெயர்.
இன்னொன்றுக்கு அவள் பெயர்;
அது அவளுக்குத் தெரியாது.
பலகையில் இரண்டு தட்டு கேட்டால் மாற்ற வேண்டும்,
அதுதான் ஏற்பாடு.
போஜராஜின் அடுத்த படத்தில் நானூற்றுப் பத்து.
பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினேன்.

இன்று தட்டினாள்.
என்னிடம் வேலை எதுவும் இல்லை.
போன வருஷத்து வில்லா ஒன்றைத் திறந்து
ஆளில்லாத அதன் குளத்தில்
ஒரு மத்தியானத்தை ஓடவிட்டேன்.
எழுபது. எழுபத்தாறு. எண்பது.
விசிறிகள் பழையபடி மலையேறத் தொடங்கின.

“கை சீக்கிரம் காஞ்சிரும்,”
பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல்.
“பாக்கெட்டுக்குத்தான் நேரம் ஆகும்.”