நாற்பத்தோராவது குழாய்

இரவு இரண்டரை.
சுழலி நிற்க இன்னும் ஐம்பது நிமிடம்.
நாலு பாகைக் குளிரில்
மரியநேசனின் இரத்தம் தெளிந்த மஞ்சள் நீராய்ச் சுற்றுகிறது.
அவர் பெரியாஸ்பத்திரியில்,
ஜன்னலோரக் கட்டிலில்.
பருத்தித்துறை பஸ்ஸில் இருபத்தாறு வருசம் கொண்டக்டர்.

காலையில் ஊசி குத்தும்போது சொன்னார்:
"வாய்வு எண்டுதான் தங்கச்சி நினைச்சனான்.
வல்லை வெளியிலை காத்து முகத்திலை அடிக்க
சுகம் மாதிரித்தான் இருந்தது.
மந்திகையிலை மிச்சக் காசு குடுக்கேக்கை
கை சில்லறையை விட்டிட்டுது."

மூன்று மாதமாக நோ.
மனுசிக்கும் சொல்லவில்லை.

உள்ளே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
மூச்சு முட்டிய இதயக் கலம்,
கத்த வாயில்லாமல்,
தன் தோலிலேயே ஒரு துண்டு கிள்ளிப் பை செய்து
இரண்டு புரதம், ஒரு நறுக்கு ஆர்.என்.ஏ
உள்ளே வைத்து
இரத்தத்தில் ஏற்றிவிடும்.

பஸ் நிலையத்தில் நாங்கள் செய்வதுதான்.
"நெல்லியடியிலை ஒராள் வந்து வாங்குவார்,
நீலச் சேட்டு."
பெயர் சொல்வதில்லை.
உள்ளே என்னவென்று கொண்டக்டர் கேட்பதுமில்லை.

சில பைகள் எலும்பு மச்சைவரை போகும்.
ஆளனுப்பு என்று அர்த்தமாம்;
அங்கிருந்து சில கலங்கள் புறப்பட்டும் வருமாம்.
சில பைகள் அடுத்த வீட்டைத் தாண்டுவதில்லை.
உதவி என்று எழுதியதை
சீமெந்து என்று வாசித்துவிட்டு
பக்கத்து நார்க்கலம் பூசத் தொடங்கும்.
பூசிய இடம் பிறகு துடிக்காது.

எழுதியதில் பிழையா, வாசித்ததில் பிழையா?
ஆய்வுக்கூட்டத்தில் கேட்டேன்.
வினோதா மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ரெண்டுமில்லை. கனநாள் எழுதினது."

லைட் ஒருமுறை மங்கி வந்தது.
காது கொடுத்தேன். சுழலி ஓடுகிறது.

நின்றபின் குழாயைத் தூக்கிப் பார்த்தால்
ஒன்றுமில்லை.
எப்போதும் ஒன்றும் தெரியாது.
எங்கே படியுமென்று முன்கூட்டியே
குழாயின் வெளிப்புறத்தில் பேனையால் ஒரு புள்ளி வைப்போம்;
அந்தப் புள்ளியை நம்பி
மேல்நீரை ஊற்றுகிறேன்.
மிச்சம் ஒரு சொட்டு.
அதில் கோடிக்கணக்கில் அவர் சொல்லாதது.
பெயர் எழுதக்கூடாது. 41 என்று எழுதி
உறைபெட்டிக்குள் வைக்கிறேன்.

இன்னுமொன்று கேட்டிருந்தார்,
ஊசி குத்தின இடத்தைப் பஞ்சால் அமத்திக்கொண்டு:
"எஞ்சின் பெட்டிக்கு மேலை ஒரு பார்சல், பழுப்புத்தாள் சுத்தினது.
நான் விழுந்த அந்தரத்திலை... ஆரும் வாங்கினவையோ?"

பின்னேரம் சாலைக்குப் போன் எடுத்தேன்.
ஓமோம், அண்டைக்கே ஒராள் வந்து
எடுத்துக்கொண்டு போனவராம்.
நீலச் சேட்டுத்தான்.

எந்த நீலச் சேட்டென்று அவர்கள் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
விடிந்து வார்டுக்குப் போனால்
சேர்ந்துவிட்டது என்றுதான் சொல்லப்போகிறேன்.