பென்ஹாலோவின் கடைவாய்

லூஷியஸ் பென்ஹாலோவை ஊர் தோளால் அறியும்,
நான் வாயால் அறிவேன்.
மேல்வரிசையில் மூன்று பல் போனது
தொண்ணூற்று மூன்று, நவம்பர், கல்லூரி மைதானத்தில்.
ஒன்றைப் புல்லில் தேடியெடுத்து
கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தான்,
திரும்ப நட்டால் வேர்பிடிக்குமா என்று கேட்க.

அப்போது தலைக்கவசம் கிடையாது.
செவ்வந்திப் பூ மாதிரி முடி வளர்ப்பார்கள், அதுதான் கவசம்.
மூக்குக்கு ஒரு ரப்பர் துண்டு.
அதைப் பல்லால் கவ்வ வேண்டும், பல் இருக்கிறவரை.
கால்சட்டை இடுப்பில் தோல் கைப்பிடி தைத்திருக்கும்:
பந்தோடு சேர்த்து இவனையும்
பெட்டியைத் தூக்கி வீசுவதுபோல
எதிரணித் தலைகளுக்கு மேலே எறிவார்கள்.
தாமிரச் சுரங்கத்துக்காரன் மகன்.
"இருட்டில் குனிவதற்கு இது மேல்" என்றான்
வாய் நிறையப் பஞ்சோடு.

பிறகு பயிற்சியாளன் ஆனான்.
ஆண்டுக்கு எண்ணூறு டாலர்,
முதலாண்டுப் பையன்களுக்கு வேதியியலும் நடத்த வேண்டும்.
அந்தக் காலத்து விதி உங்களுக்குத் தெரிந்திருக்காது.
ஆட்டம் தொடங்கிவிட்டால் பயிற்சியாளன் வாய் திறக்கக்கூடாது.
பெஞ்சில் உட்காரலாம்.
தொப்பியைத் தொட்டால்கூட நடுவர் முறைப்பார்.
வாரமெல்லாம் தொண்டை கிழியக் கத்தியவன்
சனிக்கிழமை மதியம் ஊமை.
அவ்வளவு பேச்சும் எங்கே போகும்?
கடைவாய்க்குத்தான் போனது.
பதினான்கு பருவம் அரைத்து அரைத்துத்
திரிகைக் கல்லாய்த் தேய்ந்திருந்தது.

தொள்ளாயிரத்து ஒன்பது.
மூன்று புள்ளி முன்னிலை, ஐந்து நிமிடம் மிச்சம்.
ஸ்டெனார்ட் என்கிற பையன் சேற்றிலிருந்து எழுந்து
நேராகப் போய் எதிரணி வரிசையில் நின்றான்.
யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள்.
மறுமுறையும் அங்கேயே போய் நின்றான்.
கூட்டம் சிரித்தது.
நானும் சிரித்தேன்.

மூன்றாம் முறை
"நிறுத்து!"
பெஞ்சிலிருந்து.
நடுவர் தண்டத்தைக் கெஜம் கெஜமாய் அளந்தார்.
பென்ஹாலோ அந்தப் பக்கம் பார்க்கவில்லை,
பையனின் இமையை விரலால் தூக்கிப்
பார்த்துக்கொண்டிருந்தான்.

தோற்றோம்.
அவனுக்கு வயதாகிவிட்டது என்றது செய்தித்தாள்.
முப்பத்தேழு.

திங்கட்கிழமை என் நாற்காலிக்கு வந்தான்.
பையன் எப்படி என்றேன்.
"இன்று தன் பெயரைச் சொன்னான்.
தங்கை பெயர் இன்னும் வரவில்லை."
வாயைத் திறந்தான்.
இடது கீழ்க் கடைவாய்ப்பல்
நட்டநடுவே பிளந்து நின்றது.
கத்தும்போதா என்று கேட்டேன்.

விளக்கைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தான்.
"இல்லை. அதற்கு முன்னால்
இரண்டு தடவை
பேசாமல் உட்கார்ந்திருந்தேனே, அப்போது."