டிப்போவில் இரண்டாம் விசாரணை

மூன்று முறை கேட்டாயிற்று,
எங்கள் அலுவலகத்தின் சுண்ணாம்பு வெளிச்சத்தில்.
ஜின்த்ரா கால்னினா, டிராம் ஓட்டுநர், வயது ஐம்பத்திரண்டு.
'ஒரு வண்டி. இருட்டு நிறம்.
அவ்வளவுதான் இருக்கிறது' என்றாள்,
காலிப் பையைக் கவிழ்த்துக் காட்டுகிறவள்போல.

மறைக்கிறாள் என்றார் மேலதிகாரி.
நான் அப்படி எழுதவில்லை.
என் வீட்டிலேயே சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்ததும்
எதற்கு வந்தேன் என்று நிற்கிறேன்;
திரும்பிப்போய்க் கெட்டிலைப் பார்த்தால்தான்
கத்தரிக்கோல் ஞாபகம் வருகிறது.

அனுமதி வாங்கப் பதினோரு நாள்.
ரீகாவின் நவம்பர், காலை ஆறு பத்து,
மழையா பனியா என்று முடிவெடுக்காமல் எதுவோ விழுகிற நேரம்.
அதே டிராம்.
அவள் அவள் இருக்கையில்,
பின்னால் மடக்கு நாற்காலியில் நான்.

'ஹீட்டரைப் போடட்டுமா?'
போட்டாள்.
தூசி கருகும் வாடை.
கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டினாள்.
நான் எதையும் கேட்கவில்லை.

முதலில் வந்தது வண்டியல்ல.
'வைப்பர் கீச்சிட்டது' என்றாள்.
அப்புறம், ரேடியோவில் யாரோ தும்மியது.
அப்புறம் ஸ்வெட்டரில் நூல் பிரிவதுபோல
நிறுத்தவே முடியாமல்
ரொட்டிக்கடை வேன், ஒற்றை முகவிளக்கு,
உடைந்த மற்றதன் மேல் நீல டேப்,
குடை விரிக்கத் தலைகுனிந்த மனிதர்.

நிலம் வேண்டியிருக்கிறது.
பொழுது வேண்டியிருக்கிறது.
அதன் பிறகே உள்ளிருப்பது வாய் திறக்கிறது.
மூளை தன்னோடு கொண்டுபோனது ஒரு முனையை மட்டும்தான் போலும்.
மறுமுனை இங்கேயே கட்டிக் கிடந்திருக்கிறது,
இந்த வாடையில், அந்தக் கீச்சொலியில்.

வேகமாக எழுதிக்கொண்டிருந்தேன்.
அவள் வலதுகால் எழுந்து
மணியின் பெடலுக்கு மேலே நின்றது.
அழுத்தவில்லை.
அந்தரத்தில் வெகுநேரம்.
இடக்கை காற்றில் எதையோ திருகியது,
ஒரு ஃபிளாஸ்க் மூடி அளவுக்கு.

'நான் மணி அடிக்கவில்லை'
என்றாள், முன்கண்ணாடியிடம்.
'தேநீரைத் திறந்துகொண்டிருந்தேன்.'

இதற்காக அவளை இங்கே கூட்டிவரவில்லை.
வேனுக்குத்தான் வலை போட்டேன்.

பத்தரைக்கு அலுவலகம்.
தட்டச்சான வாக்குமூலத்தை விரல்வைத்துப் படித்தாள்.
வேன், ம்.
டேப், ம், இருக்கலாம்.
மணி என்ற சொல்லில் விரல் நின்றுவிட்டது.
'இதை நான் சொன்னேனா?'

முகத்தில் நடிப்பைத் தேடினேன்.
இந்த வெளிச்சத்தில் எல்லா முகமும் சுவர்.
எனக்கே அந்தக் கால் இப்போது
யாரோ சொல்லிக் கேட்டதுபோல இருந்தது.

நாற்காலியில் கிடந்த என் கோட்டில் மட்டும்
இன்னும் கொஞ்சம் கருகல்.
அதை எடுத்து அவள் பக்கத்தில் வைப்பதா,
எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பதா என்று
பேனாவை நீட்டியபடி
உட்கார்ந்திருந்தேன்.