பஞ்சர்

சங்ககிரி ஆபீசில், என் திரையில்
நாற்பத்தொரு லாரிகள்.
ஓடினால் பச்சை. நின்றால் சிவப்பு.
செங்கோடண்ணன்
ஓமலூர் தாண்டி இருபத்துமூன்று நிமிஷமாகச் சிவப்பு.

"என்னன்னு கேளு" என்றார் முதலாளி.

கேட்டேன்.
இண்டிகேட்டர் டிக் டிக் என்றது, பிறகு அவர் குரல்:
"ஒண்ணுமில்ல கண்ணு.
சேர்வராயன் மேல மழை எறங்குது,
இந்தப் பக்கம் வெயிலு.
சும்மா பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

காரணம் என்ற கட்டத்தைத் தட்டினால்
ஐந்துதான் வரும்:
டீசல், சாப்பாடு, செக்போஸ்ட், டிராஃபிக், பஞ்சர்.
மழை இல்லை.
சும்மா இல்லவே இல்லை.

பஞ்சர் போட்டேன்.
எந்த டயர் என்றது.
இடது பின்பக்கம், உள்சக்கரம் என்று
கூசாமல் அடித்தேன்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தேன்.
சேர்வராயன் ஒரு பச்சைக் கறை,
விரிக்க விரிக்கக்
கறைதான் பெரிதானது.
எழுந்து ஜன்னலுக்குப் போனேன்.
இங்கிருந்து கோட்டை மலைதான் தெரியும்.
காய்ந்து கிடந்தது. அதன் தலைக்கு மேல்
வடக்கே நகரும் ஒரே ஒரு மேகம்.

திரும்பி வந்தபோது திரை மங்கியிருந்தது:
ஏழு நிமிஷமாக அசைவில்லை.
காரணம்?

எனக்கு வந்த பட்டியலில்
பஞ்சர்கூட இல்லை.