அறுபத்தெட்டுப் பாகை

நாவலர் வீதியில் அந்தத் தொடர்மாடிக்கு
மாடி எண்ணவே ஆறு மாதம் போனது.
கார் நிற்கிற தளம் மாடியில்லை என்றார் முதலாளி.
தாங்கி நிற்கிற மேல்தட்டும் மாடியில்லையாம்.
எண்ணிக்கை குறைந்தால் குழாயும் குறையும்.
மாநகர சபைக் கொன்சலிற்றா மிஸ்
தட்டுத் தட்டாய் ஏறி, மூச்சு வாங்கி நின்று,
"எனக்கு இளைச்ச இடமெல்லாம் மாடிதான்"
என்று எழுதிக் கையெழுத்து வைத்தா.

அப்படித்தான் எனக்கு இந்த வேலை வந்தது.
நூற்றிப் பன்னிரண்டு தலைகள்.
ஒவ்வொன்றின் கழுத்திலும் சின்னக் கண்ணாடிக் குப்பி,
உள்ளே சிவப்பாய் ஒரு துளி.
அறுபத்தெட்டுப் பாகையில் வெடிக்கும்.
நீங்கள் ஊதிக் குடிக்கிற பிளேன்ரீயின் சூடு.

எல்லாம் ஒன்றாய்ப் பொழியும் என்று பயந்தார்கள்.
இல்லை.
எதற்குச் சுடுகிறதோ அதுதான் உடையும்.
பக்கத்து அறைத் தலை
தன்பாட்டில் பார்த்துக்கொண்டிருக்கும்.

பெயின்ற் அடிக்க வந்த பொடியன்
இருபத்துமூன்றை முகட்டோடு சேர்த்து வெள்ளையாக்கினான்.
பூச்சு ஏறினால் அதுக்குச் சூடு தெரியாதடா.
கழற்றி எறிந்து புதிது போட்டேன், என் காசில்.

வைகாசியில் கிணறு உவர்த்தபோது
தீக்கென்று வைத்த தாங்கியில் கண் வைத்தார்கள்.
"வராத நெருப்புக்கு ஏன் தண்ணி?"
கூட்டம் கூடிக் கை உயர்த்தினார்கள்.
ஆறுக்கு ஏழு.
தண்ணீர் தப்பியது.

விளக்கீட்டன்று
மூன்றாம் மாடி யசோமதி வீட்டில்
யன்னல் விளிம்புச் சிட்டியிலிருந்து
திரைச்சீலை பிடித்துக்கொண்டது.
வீட்டார் மேல்தட்டில் நின்று
கோயில் சொக்கப்பனை எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
ஒரு குப்பி உடைந்தது. ஒன்றே ஒன்று.
தீயணைப்பு வண்டிக்காரருக்கு
வால்வைப் பூட்டியதுதான் வேலை.

அடுத்தநாள் என்னைக் கூப்பிட்டது ஏசுவதற்கு.
சோபா ஊறிப்போச்சுது.
கனடாவுக்குக் கட்டி வைத்த மிளகாய்த்தூள் குழம்பாய்ப் போச்சுது.
தரையெல்லாம் சுண்ணாம்புத் திட்டு.
"இதுக்கு ஆர் பொறுப்பு?"
கரிந்த விளிம்போடு ஒரு முழம் சீலை தொங்கியது.
உள்ளறையில் மகன் கணக்குச் செய்துகொண்டிருந்தான்.
நேற்றும் அந்த மேசையிலேயே
நித்திரையாகிப் போனானாம்.

நான் ஏணியை வைத்தேன்.
முகடு இன்னும் ஈரம்.
வெள்ளை ரேப் சுற்றி, புதுத் தலையைத் திருகி,
இன்னுமொரு கால் சுற்று.
பேச்சு நின்றிருந்தது. குனிந்து பார்த்தால்
அவ ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா.

"தம்பி, பெடியன்ரை அறையிலை இருக்கிறதையும்
ஒருக்காப் பாத்துவிடுங்கோ."

அதில் ஒரு பட்டம் தொங்கியது,
நூல் இறுக்கி முடிந்து.
அவிழ்க்கப் பத்து நிமிடம் பிடித்தது.