இரண்டரை விநாடி மண்டபம்

முனிச்சாலைச் சந்தில் மாடியறை.
வீட்டுக்காரர் துவாரகாநாத் மூன்றே நிபந்தனை சொன்னார்:
ஒன்றாம் தேதி வாடகை,
கவுச்சி கூடாது,
சத்தம் கூடாது.
முதல் இரண்டையும் மீறியிருக்கிறேன்.
மூன்றாவதை மீற வழியில்லை,
என் கித்தாருக்கு வயிறே கிடையாது.
வெறும் கட்டை, ஆறு கம்பி.
டவுன்ஹால் ரோட்டில் பழையதாக வாங்கியபோது
"ஆம்ப் வேணாமா?" என்றான் கடைக்காரன்.
செல்லை எடுத்துக் காட்டினேன்.

செல்லுக்குள் பதினொரு ஆம்ப்.
மூன்று இலவசம், மீதிக்குப் பூட்டு.
விரலால் திருகினால் குமிழ் திரும்புகிறது,
கண்ணாடிக்கு அடியில் வால்வு செக்கச்செவேலென்று எரிகிறது.
சூடு மட்டும் பின்பக்கம், பேட்டரியில்.

முதல் வாரம்
அடித்தது ஒரு நேரம் கேட்டது ஒரு நேரம்.
கம்பியைத் தட்டிவிட்டு நிற்க வேண்டும்,
அனுப்பானடி பஸ்ஸுக்கு நிற்பதுபோல.
அதிகமில்லை, கண் இமைக்கும் அளவு.
அந்த அளவில்தான் தாளம் கவிழ்கிறது.
குட்டி டப்பா ஒன்று வாங்கி நடுவில் செருகிய பிறகு
பஸ் நேரத்துக்கு வந்தது.
ஃபேன் ரெகுலேட்டரின் முனகல் போகவில்லை.
கம்பியைத் தொட்டால் அடங்கும், விட்டால் எழும்.
சோலோ உச்சிக்கு ஏறும்போது பார்த்து
ரம்மி ஆடக் கூப்பிடுவாள் ஒருத்தி.

ஹெட்போனுக்குள் நான் ஒரு மைதானம்.
கழற்றிவிட்டு அடித்துப் பார்த்தேன் ஒருநாள்.
டிக், டிக்.
நகவெட்டி.
"ராத்திரியில என்ன தம்பி, கொசுவலை தைக்கிறீங்களா?"
என்றார் வீட்டுக்காரம்மா.

எதிரொலிக்கென்று ஆப்பில் ஒரு பட்டியல்:
தேவாலயம், குகை, அரங்கம், குளியலறை.
எல்லாம் எங்கோ குளிர் ஊரில் பிடித்தவை,
அடித்த சுரம் கம்பளிக்குள் போய் விழுகிறது.
சொந்தமாகவும் ஏற்றலாம் என்றது கீழே பொடியெழுத்து.
ஓரிடத்தில் ஒரே ஒரு வெடிச்சத்தம்,
அது தேய்ந்து முடியும்வரை பதிவு.
இடம் உள்ளே வந்துவிடும்.

பசுமலை மண்டபத்தில் ஜெனரேட்டர் பார்க்கிறவன் நான்.
ஆடி மாதம். முகூர்த்தமில்லை.
அறுநூறு நாற்காலி அடுக்கி ஓரங்கட்டியிருந்தது.
மேடையில், ஆனிக் கடைசியில்
ஏதோ குழந்தையின் பிறந்தநாளுக்குக் கட்டிய பலூன்கள்,
பாதி கிழமாகி.
இருந்ததில் விறைப்பானதைப் பிடித்து
செல்லை நடுக்கூடத்தில் வைத்து
மூச்சடக்கி
ஊசியால் குத்தினேன்.

டப்.
கூரைத் தகரம் அதை வாங்கி
தூணிடம் கொடுக்க, தூண் தூணிடம் கொடுக்க,
பந்திக்கூடம் வரை போய்
கை கழுவும் தொட்டியைத் தொட்டுத் திரும்பி வருகையில்
வாசலிலிருந்து வாட்ச்மேன் ஒச்சப்பன்:
"யார்ரா அது?"

அன்றிரவே ஏற்றினேன்.
பத்துக்குப் பத்து அறை
சுவரை முழங்கையால் தள்ளிக்கொண்டு அகன்றது.
முதல் சுரத்துக்கே அறுநூறு நாற்காலி.
அது தேயும் இடத்தில், மங்கலாக,
கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல
கித்தாரின் குரலிலேயே
யார்ரா அது.

கணக்கு அப்படி.
பதிவில் இருப்பதெல்லாம் ஒவ்வொரு சுரத்தின்மேலும் பூசப்படும்.
மேல் கம்பியில் அதட்டல்,
கீழ்க் கம்பியில் இருமலோடு விசாரணை,
முழுக் கார்டு அடித்தால்
ஆறு ஒச்சப்பன்கள்.

வெட்டி எறிய ஒரு நிமிடம் போதும். எறிந்தேன்.
துடைத்துவைத்த மண்டபம் கிடைத்தது.
கொஞ்ச நேரம் வாசித்தேன்.
பெண் வீடா பிள்ளை வீடா என்று
ஒருவரும் கேட்காமல்
சாப்பிட்டுவந்த கல்யாணம்போல இருந்தது.
வெட்டியதைத் தேடி எடுத்துத் திரும்ப ஒட்டினேன்.

மறுநாள் ஒச்சப்பனுக்கு ஒரு காதைக் கொடுத்தேன்.
கையில் பீடி சாம்பலாகிக்கொண்டிருக்க
முழுதும் கேட்டார்.
"பாட்டு பரவால்ல.
நடுவுல எவனோ கத்துறான், அதான் கெடுக்குது" என்றார்.
"ஆள் யாரு?"