அடங்கலில் இல்லாதவை

மூன்றாம் நாள்தான் ரோடு திறந்தது.
வத்தலக்குண்டு பஸ் இன்னும் ஏறவில்லை.
வி.ஏ.ஓ. வந்தார், யாருடைய பைக்கிலோ பின்னால் உட்கார்ந்து,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
"எத்தனை போச்சு?"

சில்வர் ஓக் நாற்பத்தொன்று.
பலா மூன்று.
முள்ளுமுருங்கையை எண்ணவில்லை,
அதோடு போன மிளகுக்கொடியை எண்ணினேன்,
நூற்றுப்பதினாறு.
காப்பிச் செடியை எப்படி எண்ண?
மரத்துக்கு அடியில் கிடப்பதை
மரத்தைத் தூக்கினால்தானே பார்க்க முடியும்.
"தோராயமா சொல்லுங்க மேடம்."
தோராயமாகச் சொன்னேன்.
தோராயமாக எழுதிக்கொண்டார்.

காற்றடித்த ராத்திரி
கட்டிலுக்கடியில் கிடந்தபடி
சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டிருந்தேன்,
இது கேட்டோரத்துப் பலா,
இது தொட்டிக்கு மேலே நிற்கிற ஓக் என்று.
விடிந்து பார்த்தால் பாதி தப்பு.

ஈட்டி மட்டும் எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.
என் பட்டாவில் முளைத்து
என் பட்டாவிலேயே விழுந்து
என் குளியலறையை நசுக்கிப் படுத்திருப்பதைத் தொட
வனத்துறைக்கு மனு எழுத வேண்டுமாம்.
சுற்றளவு கேட்டிருந்தார்கள்.
சேலையால் அளந்தேன், பாதிச் சேலை வந்தது.
விழுந்த காரணம் என்ற இடத்தில்
காற்று என்று எழுதினேன்.
அது போதாதோ என்று
முன்னால் 'பலத்த' சேர்த்தேன்.

சமையலறையில் வெயில்.
இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.
சுவர் பச்சை நிறம் என்பதே மறந்திருந்தது.
வெயில் துணிக்கு நல்லது, மிளகுக்கு நல்லது.
நிழலிலேயே பிறந்த காப்பி இலைக்கு
அடுப்பு.
நான்காம் நாள் விளிம்பில் கருகத் தொடங்கி
ஐந்தாம் நாள் நடு நரம்பைத் தொட்டது.

இந்த மலைக்கு ஒரே வாள், பைஜுவுடையது.
அடிமாலிக்காரன். மரத்துக்கு எண்ணூறு, பெட்ரோல் தனி.
அறுக்கும் முன் மரத்தைச் சுற்றி வந்து
கழுத்தில் காய்ச்சல் பார்ப்பதுபோல் கை வைக்கிறான்.
"நிக்குற மரத்தை நம்பலாம் சேச்சி,
விழுந்ததை நம்பக்கூடாது.
காத்து இன்னும் உள்ளே மடங்கிக் கெடக்கும்."
சொல்லி வாய் மூடவில்லை,
அறுபட்ட தண்டு ஓராள் உயரம் எகிறி விழுந்தது.

சவரியம்மாள் வீடு தெரிகிறது.

எல்லைக்கல் தகராறில் ஒன்பது வருஷமாய்ப் பேச்சில்லை.
இரண்டு சர்வேயர், ஒரு வக்கீல் நோட்டீஸ்.
நடுவில் பதினெட்டு மரம் நின்றதால்
முகம் பாராமலே பகை வளர்க்க முடிந்தது.
இப்போது அவள் பல் தேய்ப்பது எனக்குத் தெரிகிறது.
நான் தேய்ப்பது அவளுக்கு.
எல்லைக்கல்லை ஏதோ வேர் பெயர்த்து
ஓடையில் போட்டிருக்கிறது,
எண் எழுதிய பக்கம் கீழே இருக்க.

ஆறாம் நாள்
மரங்கள் நின்ற இடத்தில்
நீலத் தார்ப்பாய் ஒன்றைக் குறுக்கே கட்டினாள்.
கயிற்றின் ஒரு நுனி அவள் கமலா ஆரஞ்சில்.
மறுநுனி என்னிடம் மிஞ்சிய ஒரே பலாவில்.
அவள் கேட்டுக் கட்டவில்லை.
நான் ஏனென்று கேட்கவில்லை.

அந்தப் பலாவில்தான் மாட்டிக்கொண்டிருந்தது மலையணில்.
தரையில் கால் வைத்தறியாத பிராணி.
கிளைக்குக் கிளை ஓடிய அதன் ரோட்டைத் திறக்க
எந்த ஜே.சி.பி.யும் வரவில்லை.
உச்சிக்கும் அடிக்கும் இறங்கி ஏறி
ஆறு நாளாய் ஒரே கத்தல்.

சாயங்காலம்
தேய்க்காத பாத்திரங்களோடு பின்வாசலில் இருந்தேன்.
கயிறு லேசாகத் தாழ்ந்தது.
தார்ப்பாயின் மேல் விளிம்பில் செம்பழுப்பாய் அது,
தன்னைவிட நீண்ட வாலைத்
தராசு முள்போல இடம் வலம் சாய்த்துக்கொண்டு.
பாதி வழியில் நின்றது.
தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம்
பாத்திரம் தேய்க்கும் சத்தமும் நின்றது.

ஒரு பின்னங்கால் வழுக்கியது.
பிடித்துக்கொண்டது.

ஆரஞ்சு இலைகள் ஆடி அடங்கின.
அப்புறமும் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு அங்கே
தேங்காய் நார்
மெதுவாகப் பானையில் கரகரத்தது.